மலிவான பிரைமர் எது? டப்பா சொல்லாது, ஸ்பிரூ சொல்லும்!

கம்பம் பள்ளத்தாக்கில் ‘ஸ்பிரே’ என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது திராட்சைத் தோட்டம்தான். பந்தலுக்கு மருந்தடிக்கிறவர் முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார். இலையில் பனி ஈரம் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பார். நாசிலில் அடைப்பு இருக்கிறதா என்று சோதிப்பார். அதற்குப் பிறகுதான் டேங்கை முதுகில் ஏற்றுவார். விலை குறைந்த மருந்தா, கூடிய மருந்தா என்பது அடுத்த கேள்வி. இலையில் சரியாக உட்காராத மருந்து, என்ன விலைக்கு வாங்கியிருந்தாலும் நஷ்டம்தான்.

மேசை மேல் வைக்கும் குட்டி பிளாஸ்டிக் விமானத்துக்கு பிரைமர் அடிப்பதிலும் இதே கணக்குதான்.

ஸ்கேல் மாடல் கிட் என்பது நிஜ விமானம், டாங்கி, கார், கப்பல் ஆகியவற்றை அளவு மாறாமல் சுருக்கி, பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் தரும் பொருள். வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து முழு மாடலாக்குவது வாங்கியவரின் வேலை. 2025 செப்டம்பர் 26 அன்று மிக்-21 இந்திய விமானப்படையிலிருந்து விடைபெற்றது. அதை வீட்டு அலமாரியில் நிறுத்திவைக்க ஆசைப்படுகிறவருக்கு 1/72 அளவு கிட் போதும். சுமார் 15 மீட்டர் நீள விமானம், ஏறக்குறைய 21 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஒட்டுகிற வரை பிரச்னை இல்லை. அடுத்து பிரைமர் என்று வரும்போதுதான் பலரும் திகைத்து நிற்கிறார்கள். ஹாபி கம்பெனி டப்பா சின்னது, விலை அதிகம். ஹார்டுவேர் கடை டப்பா பெரியது, விலை குறைவு. எதை எடுப்பது?

பிரைமர் எதற்கு?

பெரும்பாலான கிட்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. இதன் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். நேரடியாகப் பெயிண்ட் அடித்தால் நகம் பட்டாலே உரிந்துவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டி எடுத்தால் டேப்போடு பெயிண்டும் வந்துவிடும். பிளாஸ்டிக்கையும் பெயிண்டையும் சேர்த்துப் பிடிக்கிற வேலையைச் செய்வது பிரைமர்.

இரண்டாவது வேலை, குறையைக் காட்டிக்கொடுப்பது. ஒட்டிய இடத்தில் பட்டி சரியாக உட்காரவில்லை, வாட்டர் பேப்பர் தேய்த்த கீறல் போகவில்லை என்பதெல்லாம் சாம்பல் நிற பிரைமர் ஒரு கோட்டிங் விழுந்ததும் பளிச்சென்று தெரியும். மூன்றாவது, எல்லாத் துண்டுகளையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருவது. வெள்ளைப் பட்டியும் பச்சை பிளாஸ்டிக்கும் அடியில் கலந்துகிடந்தால் மேலே அடிக்கிற நிறமும் திட்டுத் திட்டாகத்தான் தெரியும்.

இந்த மூன்றையும் செய்ய வேண்டும். ஆனால், தடித்துவிடக் கூடாது. இங்கேதான் காருக்கும் மாடலுக்கும் வித்தியாசம். பிரைமர் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05 மில்லிமீட்டர் தடிமனில் படிந்தால் காரில் அது ஒன்றுமே இல்லை. 1/72 விமானத்தில் அதை 72-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். நிஜ விமானத்தின் மேல் 3.6 மில்லிமீட்டருக்குப் பூச்சு பூசியதற்குச் சமம். தகடுகள் சேருகிற மெல்லிய கோடுகள், ஆணித் தலைகள் எல்லாம் அதற்குள் புதைந்துபோகும்.

கடையில் கிடைப்பவை

முதல் வகை, மாடலுக்கென்றே தயாராகும் ஸ்பிரே. ஜப்பானின் டாமியா நிறுவனத்தின் சர்ஃபேஸ் பிரைமர் 100 மில்லி, 180 மில்லி டப்பாக்களில் வருகிறது. அதே நாட்டின் ‘மிஸ்டர் சர்ஃபேசர்’ 500, 1000, 1200, 1500 என்று எண்களோடு வரும். இந்த எண்களை உப்புத்தாள் எண்கள் மாதிரிப் புரிந்துகொள்ளலாம். எண் கூடக் கூட பூச்சு நைஸாக இருக்கும். 500 கீறலை நிரப்புவதற்கு, 1000 பொதுவான வேலைக்கு, 1500 பளபளப்பான உலோக நிறத்துக்கு அடியில் போடுவதற்கு.

இரண்டாவது வகை, ஹார்டுவேர் கடையிலும் வாகன உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் பொதுப் பயன்பாட்டு ஸ்பிரே. பெரும்பாலும் 400 மில்லி அளவில் இருக்கும். பைக், கிரில், ஃபேன் என்று எல்லாவற்றுக்கும் அடிக்கலாம் என்று டப்பாவில் படம் போட்டிருப்பார்கள்.

மூன்றாவது, ஸ்பிரே டப்பாவே இல்லாத வழி. ஸ்பெயினின் வயஹோ போன்ற நிறுவனங்கள் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பிரைமரை பாட்டிலில் தருகின்றன. 17 மில்லியிலிருந்தே கிடைக்கும். பிரஷ்ஷாலும் பூசலாம், ஏர்பிரஷ்ஷாலும் அடிக்கலாம். வாடை குறைவு என்பதால் அபார்ட்மென்ட்டிலும் சின்ன வீட்டிலும் இருப்பவர்களுக்கு இது வசதி. ஆனால், முழுதாகக் காய நேரம் எடுக்கும். அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டால் தோல் மாதிரி உரியும்.

ஹாபி டப்பாவைப் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும். எரியும் வாயு அடைத்த பொருள் என்பதால் இதை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. தரைவழியாகத்தான் பெரும்பாலும் வரும். தேனி வரை ரயில் இருக்கிறது, அதற்கு மேல் கம்பத்துக்குச் சாலைதான். பொங்கல் லீவுக்குள் மாடலை முடிக்க நினைப்பவர் முன்கூட்டியே ஆர்டர் போட்டுவிடுவது நல்லது.

எதை எடுக்கக் கூடாது?

கடையில் ‘பிரைமர்’ என்று கேட்டால் முதலில் எடுத்து வைப்பது ரெட் ஆக்சைடாக இருக்கலாம். அது இரும்பு கேட்டுக்குத் துருப் பிடிக்காமல் இருக்க அடிப்பது. தடிமனாகப் படியும், மெதுவாகக் காயும். குட்டி விமானத்துக்கு ஆகாது. மர பிரைமரும் அப்படித்தான்.

‘பிளாஸ்டிக் பிரைமர்’ என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் தேவை. ‘நம்மளோடதும் பிளாஸ்டிக்தானே’ என்று தோன்றும். ஆனால், அதில் பல டப்பாக்கள் கார் பம்பருக்கானவை. பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகை, கிட் பாலிஸ்டைரீன். ஒன்றுக்குப் பிடிப்புக் கொடுக்கிற ரசாயனம் இன்னொன்றை அரித்துவிடலாம்.

டிங்கரிங் பட்டறையில் என்.சி. சர்ஃபேசரையும் தின்னரையும் கொஞ்சம் வாங்கி வந்து கலக்கலாம் என்ற யோசனையும் ஆபத்துதான். என்.சி. தின்னரில் இருக்கிற டொலுவீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைக் கரைக்கக் கூடியவை. தகரத்தில் அருமையாக உட்காரும் அதே கலவை, ஈரமாக விழுந்தால் விமானத்தின் இறக்கையைக் கொழகொழப்பாக்கிவிடும்.

‘எனாமல்’ என்று குறித்திருக்கும் டப்பாவுக்கு வேறு ஒரு சிக்கல் உண்டு. எனாமல் மெதுவாகக் காயும். அது முழுதாக இறுகும் முன், மேலே லேக்கர் வகைப் பெயிண்ட் பட்டால் சுருங்கிச் சுருங்கி எழும்பும். லேக்கர் அடியில், எனாமல் மேலே என்ற வரிசை சரி. திருப்பிப் போட்டால் வம்பு.

ஸ்பிரூ என்கிற இலவச சோதனைக்கூடம்

பொதுப் பயன்பாட்டு ஸ்பிரேயில் உள்ளே என்ன கரைப்பான் இருக்கிறது என்பதை டப்பாவைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. அதனால் ‘இந்த பிராண்ட் நல்லது, அந்த பிராண்ட் கெட்டது’ என்று கேட்டுக்கொண்டு போவதைவிட, சோதித்துப் பார்ப்பதே சரியான வழி.

வெளிநாட்டு ஹாபிக்காரர்கள் பலர் பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்ப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் தடை. அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. அதைவிடச் சரியான பொருள் கிட் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் சட்டத்துக்கு ‘ஸ்பிரூ’ என்று பெயர். துண்டுகளை வெட்டி எடுத்ததும் பலர் குப்பையில் போடுவது இதைத்தான். மாடல் எந்த பிளாஸ்டிக்கோ அதே பிளாஸ்டிக் என்பதால், ஸ்பிரூவுக்கு என்ன நடக்கிறதோ அதுதான் மாடலுக்கும் நடக்கும்.

ஸ்பிரூவைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப்பசை அப்போதுதான் போகும். அதன் பிறகு மூன்று சோதனைகள்.

முதலாவது, கரைகிறதா என்று பார்ப்பது. ஒரு துண்டில் பனித்துளி மாதிரி லேசாக இரண்டு கோட்டிங், இன்னொரு துண்டில் வேண்டுமென்றே ஈரம் வழிகிற மாதிரி ஒரு கோட்டிங். 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். வழிந்த துண்டில் பிளாஸ்டிக் சொரசொரத்து, நகம் அமுங்கினால் அந்த டப்பாவில் கடுமையான கரைப்பான் இருக்கிறது என்று அர்த்தம். லேசாக அடித்த துண்டு நன்றாக இருந்தால் டப்பாவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, மெல்லிய கோட்டிங்காக மட்டும் பயன்படுத்தலாம். அதுவும் கெட்டிருந்தால் அந்த டப்பாவை வீட்டு கிரில்லுக்கு ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது, பிடிக்கிறதா என்று பார்ப்பது. காய்ந்த பூச்சின் மேல் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று உரிக்க வேண்டும். டேப்பில் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த பிரைமர் தேறவில்லை.

மூன்றாவது, தடிக்கிறதா என்று பார்ப்பது. ஸ்பிரூவில் ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் குட்டி எண்கள் புடைப்பாக அச்சாகியிருக்கும். இரண்டு கோட்டிங்குக்குப் பிறகும் அந்த எண்ணின் ஓரங்கள் கூர்மையாகத் தெரிந்தால் மாடலின் கோடுகளும் பிழைக்கும். எண் மொழுக்கென்று ஆகிவிட்டால் கோடுகளும் அப்படித்தான் ஆகும்.

செலவு, இரண்டு நிமிட ஸ்பிரே மட்டுமே. இந்தச் சோதனையைத் தவிர்த்தால் பல நாள் உழைப்பைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும். பெயிண்ட் சரியில்லை என்றால் துடைத்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம். பிளாஸ்டிக்கே கரைந்துவிட்டால் திரும்பி வராது.

சமையலறைத் தராசு சொல்லும் விலை

டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் விலை, ஒரு மாடலுக்கு ஆகும் செலவு அல்ல. அடிப்பதற்கு முன்பும் பின்பும் டப்பாவைச் சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு தீர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, 320 ரூபாய் டப்பாவின் நிகர எடை 280 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு விமானத்துக்கு 35 கிராம் தீர்ந்தால் செலவு 40 ரூபாய். 1,000 ரூபாய் ஹாபி டப்பாவின் நிகர எடை 140 கிராம் என்றால், அதே 35 கிராமுக்கு 250 ரூபாய். வித்தியாசம் 210 ரூபாய். உண்மையான எண்களைக் கையில் இருக்கும் டப்பாவைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். ஹாபி டப்பாவின் நாசில் மெல்லிய பனியாக அடிப்பதால் அதில் தீரும் அளவு குறையவும் வாய்ப்பு உண்டு.

இப்போது கேள்வி தெளிவாகிவிடும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மாடல் மட்டும் செய்கிறவருக்கு 400 மில்லி டப்பா லாபம் இல்லை. பாதி தீரும் முன்பே நாசில் அடைத்துக்கொள்ளலாம். அவருக்குச் சின்ன ஹாபி டப்பாவே மலிவு. மாதம் ஒன்று செய்கிறவர், ஸ்பிரூவில் தேறிய ஹார்டுவேர் டப்பாவை எடுத்தால் வருஷத்தில் நல்ல தொகை மிஞ்சும். ஆசையாகச் சேர்த்து வாங்கிய விலை உயர்ந்த கிட் என்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஹாபி பிரைமர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கணவாய்க் காற்று

தமிழ்நாட்டில் காற்றாலைக்குப் பெயர்பெற்ற கணவாய்ப் பகுதிகளில் கம்பமும் ஒன்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலை இடுக்கு வழியாக இறங்கும் காற்று, மின்சாரத்துக்கு வரம், ஸ்பிரேக்குச் சாபம். பாதி பெயிண்ட் பக்கத்து வீட்டுத் துணியில் போய் உட்காரும். மீதிப் பாதி மாடலைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, மணல் தூவிய மாதிரி சொரசொரப்பாகப் படியும்.

இதற்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி போதும். மொட்டை மாடியில் பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, அதற்குள் மாடலை வைத்து அடிக்கலாம். காற்று முதுகுப் பக்கம் மோதாமல், முகத்துக்கும் அடிக்காமல், பக்கவாட்டில் போகிற மாதிரி சுவரோரமாக நிற்பது நல்லது. காற்று எழும் முன் காலை வேளை வசதி.

ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் தொல்லை வேறு மாதிரி. பூச்சிலிருந்து கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல, காற்றின் ஈரம் அதில் படிந்து வெளுத்துவிடும். கறுப்பு பிரைமரில் இது நன்றாகவே தெரியும். மழை பெய்கிற அன்றும், பனி இறங்கிய அதிகாலையிலும் அடிக்காமல் இருப்பதே மருந்து. வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு அடித்தால் அதே டப்பா அழகாக உட்காரும்.

அடிக்கும் முறை

டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். குளிர் நாளில் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்தால் பனி மெல்லியதாக வரும். கொதிநீரிலோ அடுப்பின் மேலோ வைக்கவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடு ஆகக் கூடாது என்று டப்பாவிலேயே எச்சரிக்கை இருக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட்டுவைக்கக் கூடாது.

15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, மாடலுக்கு வெளியே ஸ்பிரேயைத் தொடங்கி, மாடலைக் கடந்து, வெளியே போய் நிறுத்த வேண்டும். மாடலின் மேலேயே தொடங்கினால் முதல் துளிகள் பொட்டுப் பொட்டாக விழும். முதல் கோட்டிங்கில் பிளாஸ்டிக் நிறம் தெரிந்தால் தவறில்லை. பத்து, பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. ஒரே தடவையில் மூட நினைப்பதுதான் கோடுகளை மூழ்கடிக்கிறது. தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் அல்ல, ஒரு முழு நாள் விட்டுத்தான் மேல் வண்ணம்.

சாம்பல் நிறம் பொதுவாக எல்லாவற்றுக்கும் பொருந்தும். மஞ்சள், சிவப்புக்கு அடியில் வெள்ளை. வெள்ளி போன்ற உலோக நிறத்துக்கு அடியில் கறுப்பு. முடித்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும் வரை அழுத்தினால் நாசில் அடைக்காது.

தெர்மாகோல் அணைக்கு ஸ்பிரே வேண்டாம்

கம்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கண்காட்சி என்றால் முல்லைப் பெரியாறு அணை மாதிரி செய்ய ஆசை வருவது இயல்பு. பென்னிகுவிக் கட்டி 1895-ல் முடித்த அந்த அணையின் நீளம் சுமார் 365 மீட்டர், அடித்தளத்திலிருந்து உயரம் சுமார் 53 மீட்டர். 1/500 அளவில் செய்தால் 73 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டருக்குச் சற்று கூடுதல் உயரம். ஒரு மேசைக்குச் சரியாக இருக்கும்.

ஆனால், அதைத் தெர்மாகோலில் செய்துவிட்டு, கண்காட்சிக்கு முந்தைய நாள் இரவு ஸ்பிரே அடித்தால் கண்ணெதிரே குழி குழியாக உருகிப் போகும். தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான். நுரையாக ஊதப்பட்டிருப்பதால் கிட்டைவிட வேகமாகக் கரையும். ஃபெவிக்காலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு முறை பூசிக் காயவிட்டு, மேலே போஸ்டர் கலரோ டிஸ்டம்பரோ பிரஷ்ஷால் அடித்தால் போதும். செலவும் குறைவு, அழுகையும் மிச்சம்.

வீட்டில் எல்லோருக்குமான எச்சரிக்கை

டப்பாவைத் தள்ளுகிற வாயு எரியக் கூடியது. கேஸ் அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுவத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. துணி மாஸ்க் போதாது. என்95 பெயிண்ட் துளியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அடிக்கடி அடிக்கிறவர், ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வாங்குவதே நல்லது. கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில், வாடை அடங்கும் வரை மாடலை உள்ளே கொண்டுவரக் கூடாது. பிள்ளைகள் ஸ்பிரே அடிக்கும்போது பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

தீர்ந்த டப்பாவில் ஆணி அடிக்கக் கூடாது, நெருப்பில் போடவும் கூடாது. முக்கியமாக, போகி அன்று பழைய சாமானோடு சேர்ந்து அது தீயில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே மிஞ்சியிருக்கும் வாயு சூடானால் டப்பா வெடிக்கும்.

பிரைமரில் மிச்சம் பிடிப்பதில் தவறே இல்லை. 40 ரூபாயில் முடிகிற வேலைக்கு 250 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. டப்பாவில் மிச்சம் பிடிக்கலாம், சோதனையில் மட்டும் பிடிக்கக் கூடாது. அடுத்த முறை கிட் பெட்டியைப் பிரிக்கும்போது, துண்டுகளை வெட்டியதும் ஸ்பிரூவைக் குப்பைக்கு அனுப்பாமல் ஒரு கை அளவு எடுத்து வைத்தால் போதும். எந்த டப்பா மலிவு என்பதை 24 மணி நேரத்தில் அதுவே சொல்லிவிடும்.